மலிவு ஒயினும் மார்க் ஷீட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதவர்கள் தாராளமாகக் குடிக்காமலே இருக்கலாம், கல்லீரலுக்கு நல்லது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்கள் இதைப் பொருளாதாரக் கட்டுரையாக நினைத்துப் படித்துக்கொள்ளவும் :-) என் சண்டை ஒயினோடு இல்லை, ஒயினுக்குப் போடும் மார்க்கோடு.

வெளிநாட்டில் ஒயின் கடை அலமாரிகளைப் பார்த்தால் தெரியும். பாட்டில் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். "91 பாயிண்ட்" என்று போட்டிருக்கும். பக்கத்து பாட்டிலில் தங்கப் பதக்கம் ஸ்டிக்கர். அதற்குப் பக்கத்தில் 88. ஏதோ பிளஸ் டூ ரிசல்ட் ஒட்டின நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை போகும் பாட்டிலுக்கு இப்படி மார்க் போட்டால் அது பணக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் 5 டாலர், 6 பவுண்டு பாட்டில்களுக்கும் இதையே செய்கிறார்கள். அதை நம்பித்தான் கையில் காசு குறைவாக இருப்பவன் வாங்குகிறான். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் கட்சி இதுதான். மலிவான ஒயின்களை ஊர் ஊராகச் சுவைத்துப் பார்த்து, ஒப்பிட்டு, எது தேறும் எது தேறாது என்று சொல்வது உருப்படியான வேலை. அதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது உருப்படாத வேலை. வாங்குபவனையும் ஏமாற்றுகிறது, திராட்சை விளைவிப்பவனையும் கவனிப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மார்க் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீல் 1978-ல் ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார். பிற்காலத்தில் உலகமே நடுங்கிய "ஒயின் அட்வகேட்" அதுதான். விளம்பரம் வாங்க மாட்டேன், வாசகனுக்காக மட்டும் எழுதுவேன் என்றார். நல்ல எண்ணம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு முன் ஐரோப்பாவில் 20-க்கு மார்க் போடும் பழக்கம் இருந்தது. பார்க்கர் அமெரிக்கப் பள்ளிக்கூட முறைப்படி 100-க்கு மாற்றினார். படிக்கிறவர்களுக்கு உடனே புரிந்தது. 90 என்றால் நல்ல பையன், 75 என்றால் சுமார்.

இதில் ஒரு வேடிக்கை. 100-க்கு என்று சொன்னாலும் 50 மார்க் சும்மா கிடைக்கும். பரீட்சை ஹாலுக்கு வந்ததற்கே பாதி மார்க்! மீதி 50-ல் நிறத்துக்கும் தோற்றத்துக்கும் 5, மணத்துக்கு 15, சுவைக்கும் அது நாக்கில் நிற்கும் நேரத்துக்கும் 20, மொத்தத் தரத்துக்கும் இன்னும் பல வருடம் வைத்திருந்தால் மேம்படுமா என்பதற்கும் 10.

அந்தக் கடைசி 10-ஐக் கவனியுங்கள். மலிவு ஒயின் பெரும்பாலும் வாங்கி ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. அதைப் பத்து வருடம் நிலவறையில் வைப்பானா ஒருவன்? இட்லியை எடுத்து "இது ஒரு மாதம் கெடாமல் இருக்குமா?" என்று கேட்டு மார்க் குறைக்கிற மாதிரி இருக்கிறது. ஊறுகாய்க்குப் போட்ட கேள்வித்தாளை இட்லிக்குக் கொடுத்தால் இட்லி எப்படி பாஸ் ஆகும்?

இன்னொன்று. நடைமுறையில் 80-க்குக் கீழே யாரும் பெரிதாக அச்சிடுவதில்லை. கடைக்காரர் 90-க்குக் கீழே இருந்தால் அட்டையே தொங்கவிட மாட்டார். ஆக நூறு படி ஏணி என்று பெயர், நிஜத்தில் பத்துப் பதினைந்து படிதான். அந்தப் படிகளுக்கு நடுவிலாவது ஏணி ஆடாமல் நிற்கிறதா?

ஒரே விடைத்தாள், மூன்று மார்க்

நிற்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஒயினுக்கு எதிரி இல்லை, ஒயின் செய்கிறவர். ராபர்ட் ஹாட்ஜ்சன், கடலியல் படித்த பேராசிரியர். வடக்கு கலிபோர்னியாவில் சின்னதாக ஒரு ஒயினரி வைத்திருந்தார். அவருடைய ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கும், இன்னொன்றில் ஒன்றுமே வாங்காது. இதென்ன கூத்து என்று யோசித்து, கலிபோர்னியா ஸ்டேட் ஃபேர் போட்டியில் நடுவர்களையே சோதிக்க அனுமதி வாங்கினார்.

சோதனை ரொம்ப எளிமை. நடுவர் முன்னால் வரிசையாக முப்பது கிளாஸ் வைப்பார்கள். அதில் மூன்று கிளாஸ் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியது. நடுவருக்கு அது தெரியாது. மூன்றுக்கும் ஒரே மார்க் வருகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். 2005-ல் தொடங்கி நான்கு வருடம் செய்தார். 2008-ல் "ஜர்னல் ஆஃப் ஒயின் எகனாமிக்ஸ்" இதழில் முடிவு வெளியானது. பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று கிளாஸுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மார்க் போட்டிருந்தார். இன்னொரு பத்தில் ஒருவர் அதே ஒயினுக்கு ஒரு தடவை வெண்கலமும் இன்னொரு தடவை தங்கமும் கொடுத்திருந்தார். போன வருடம் ஒழுங்காகத் திருத்திய நடுவர் இந்த வருடமும் ஒழுங்காகத் திருத்துவார் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டிய எந்தக் கல்லூரி மாணவனுக்கும் இது புதிதாக இருக்காது :-) ஆனால் நமக்கு ரீவேல்யுவேஷன் என்ற ஒன்றாவது இருக்கிறது. பாட்டிலுக்கு ஏது?

அடுத்த வருடம் ஹாட்ஜ்சன் இன்னொரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் 13 போட்டிகளின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட ஒயின்கள் 2,440. அவற்றில் 47 சதவிகிதம் எங்கேயாவது ஒரு தங்கம் வாங்கியிருந்தன. அந்தத் தங்கம் வாங்கியவற்றிலேயே 84 சதவிகிதம் இன்னொரு போட்டியில் எந்தப் பரிசும் இல்லாமல் திரும்பியிருந்தன.

அதாவது, போதுமான போட்டிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்றில் தங்கம் விழுந்துவிடும். பெரும்பாலான போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அப்புறம் அந்தத் தங்க ஸ்டிக்கரை மட்டும் பாட்டிலில் ஒட்டினால் போதும். தோற்ற போட்டிகளுக்கு ஸ்டிக்கர் கிடையாதே!

2023-ல் பெல்ஜியத்தின் ஆர்.டி.பி.எஃப் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதைச் செய்தே காட்டியது. சூப்பர் மார்க்கெட்டில் 2.50 யூரோவுக்கு வாங்கிய ஒயினுக்குப் போலி லேபிள் ஒட்டி, கட்டணம் கட்டி, ஒரு சர்வதேசப் போட்டிக்கு அனுப்பினார்கள். தங்கப் பதக்கம் வந்தது.

"அப்போ மலிவு ஒயின் ஜெயித்துவிட்டதே!"

இந்த இடத்தில் மலிவு ஒயின் ரசிகர்கள் விசில் அடிப்பார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை சார்லஸ் ஷா. 2002-ல் ஃபிரெட் ஃபிரான்சியாவின் பிராங்கோ நிறுவனம் டிரேடர் ஜோஸ் கடைகளில் இறக்கிய ஒயின். கலிபோர்னியாவில் அப்போது விலை 1.99 டாலர். ஜனங்கள் "டூ பக் சக்" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 2007-ல் அதனுடைய 2005-ம் வருடத்து ஷார்டனே, கலிபோர்னியாவின் சிறந்த ஷார்டனே என்று டபுள் கோல்டு வாங்கியது. இரண்டு டாலர் பாட்டில் பெரிய இடத்துப் பாட்டில்களை மண்ணைக் கவ்வ வைத்தது என்று உலகம் முழுக்கச் செய்தி.

எந்தப் போட்டியில் ஜெயித்தது தெரியுமா? கலிபோர்னியா ஸ்டேட் ஃபேர். ஹாட்ஜ்சன் நடுவர்களைச் சோதித்துக்கொண்டிருந்த அதே போட்டி, அதே வருடங்கள்!

இரண்டு பக்கமும் அடிக்கிற மத்தளத்தை நாம் வாசிக்கக் கூடாது. நடுவர்கள் நிலையில்லாதவர்கள் என்றால், 40 டாலர் பாட்டிலுக்கு அவர்கள் கொடுத்த தங்கமும் நம்பத்தக்கதல்ல, 1.99 டாலர் பாட்டிலுக்குக் கொடுத்த தங்கமும் நம்பத்தக்கதல்ல. நமக்குச் சாதகமாக வரும்போது மட்டும் மார்க் ஷீட்டைத் தூக்கிக் காட்டினால், நாமும் அந்த ஸ்டிக்கர் வியாபாரியும் ஒன்றுதான்.

விலை நாக்கில் ஏறிக் கொள்ளும்

போட்டிகளிலாவது விலையை மறைக்கிறார்கள். சாதாரணமாக நாம் பாட்டிலைப் பார்த்து, விலையைப் பார்த்து, பிறகுதான் குடிக்கிறோம். அப்போது என்ன ஆகிறது?

2008-ல் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். 5 டாலர் ஒயினை ஒரு முறை 5 டாலர் என்றும், இன்னொரு முறை 45 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் ஒயினை 90 என்றும், 10 என்றும் சொன்னார்கள். விலையைக் கூட்டிச் சொன்னபோது கூடுதலாகப் பிடித்தது என்று வாய் சொன்னதோடு, மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் ருசித்திருக்கிறது.

விலை மட்டுமில்லை, நிறமும் ஏமாற்றும். 2001-ல் வெளியான போர்தோ ஆய்வில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் சொன்னார்கள். போர்தோ மாணவர்கள் சாமி! திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் படிக்கிறவர்கள்.

விலையை மறைத்துவிட்டால்? 2008-லேயே வந்த இன்னொரு ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்ட மறைமுகச் சுவைப்புகளை அலசியது. 1.65 டாலரிலிருந்து 150 டாலர் வரை ஒயின்கள். விலை தெரியாத சாதாரண மக்களுக்கு விலை கூடிய ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகவே பிடித்தது. ஒயின் பயிற்சி உள்ளவர்களிடம் நிலைமை வேறு, அவர்களுக்கு விலை கூடியது ஓரளவு பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற நாக்கும் பயிற்சி இல்லாத நாக்கும் வேறு வேறு என்றால், முன்னவர் போட்ட மார்க்கை வைத்துப் பின்னவர் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்?

6 பவுண்டில் ஒயின் எவ்வளவு?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பி.காம் படிக்கிறவனிடம் மாட்டிக்கொண்டால் கணக்கு இல்லாமல் தப்ப முடியாது.

பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன், அங்கே வரி விவரம் தெளிவாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விகிதப்படி ஒயினில் இருக்கும் ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 29.54 பவுண்டு தீர்வை. 12 சதவிகித ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டில் என்றால் தீர்வை சுமார் 2.66 பவுண்டு. விலை என்னவாக இருந்தாலும் இது மாறாது. அதற்கு மேல் 20 சதவிகிதம் வாட்.

6 பவுண்டு பாட்டில்: வாட் 1.00, தீர்வை 2.66. மீதி 2.34.

9 பவுண்டு பாட்டில்: வாட் 1.50, தீர்வை 2.66. மீதி 4.84.

12 பவுண்டு பாட்டில்: வாட் 2.00, தீர்வை 2.66. மீதி 7.34.

அந்த மீதியில்தான் பாட்டில், மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், ஒயினரி லாபம், கடைசியாகத் திராட்சை. விலை 6-லிருந்து 12 ஆனால் இரண்டு மடங்கு. மீதியோ மூன்று மடங்குக்கு மேல். 6-லிருந்து 9 ஆனாலே மீதி இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. எனவே அந்த ஊரில் கூடுதலாக மூன்று பவுண்டு கொடுக்க முடிந்தவனுக்கு அந்த மூன்று பவுண்டு முழுக்க வேலை செய்கிறது. (அதே மூன்று பவுண்டை 40 பவுண்டு பாட்டில் மேல் வைத்தால் ஒன்றும் தெரியாது.)

மலிவு ஒயின் வாங்குகிறவனுக்கு வேண்டிய தகவல் இதுதான். "88 பாயிண்ட்" என்ற அட்டை இதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. 6 பவுண்டு ஒயினுக்கும் 88, 20 பவுண்டு ஒயினுக்கும் 88 என்று போட்டால் இரண்டும் ஒன்றா? விலையைச் சேர்த்து மார்க் போட்டாரா, சேர்க்காமல் போட்டாரா? அட்டையில் இருக்காது.

மலிவு ஒயினை மட்டமாக நினைக்கும் பழக்கம் சட்டம் வரைக்கும் போயிருக்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 150 சதவிகிதமாக இருந்த ஒயின் இறக்குமதி வரி அதன்படி குறைந்தது. ஆனால் பாட்டிலின் இறக்குமதி விலை 5 டாலராவது இருக்க வேண்டும். 15 டாலருக்கு மேல் என்றால் சலுகை இன்னும் அதிகம். 5 டாலருக்குக் கீழே இருந்தால் அந்தச் சலுகை இல்லை. உள்ளூர் ஒயினைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு, புரிகிறது. ஆனாலும் குறைந்த விலைக்குக் குடிப்பவன்தான் முழு வரியும் கட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஊருக்கு ஊர் வேலை வேறு

மார்க் போடுவதில் இன்னொரு அநியாயம், எல்லா ஊர் ஒயினையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது.

போர்ச்சுகலின் வடக்கே விளையும் வின்யோ வெர்டே ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். மெலிசாக, புளிப்பாக, நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று, ஆல்கஹால் குறைவாக இருக்கும். வெயில் நாளில் வறுத்த மீனோடு குடிப்பதற்குச் செய்தது. பிரான்சில் லுவார் நதி கடலில் கலக்கும் பக்கத்து மஸ்கடேயும் அப்படித்தான், சிப்பி சாப்பிடும்போது குடிப்பது. இரண்டும் மெலிசாக இருப்பதுதான் அழகு. நூறு மார்க் நடுவரிடம் கொண்டுபோனால் "ஆழம் இல்லை" என்பார். ரசத்தைப் பார்த்து சாம்பார் மாதிரி கெட்டியாக இல்லையே என்றால் என்ன பதில் சொல்வது?

அர்ஜென்டினாவின் மெண்டோசாவில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில் பனி உருகின தண்ணீரைப் பாய்ச்சி விளைவிக்கும் மால்பெக் நேர் எதிர். கறுஞ்சிவப்பு, பழச்சுவை, சுட்ட இறைச்சிக்குத் தோதானது. தென்னாப்பிரிக்காவில் அதிகம் பயிராகும் திராட்சை செனின் பிளாங்க். மலிவு வெள்ளை ஒயின்களில் ஏமாற்றாத ரகம் என்று நான் அதைத்தான் சொல்வேன். நம் நாசிக்கிலும் செனின் உண்டு. அங்கே ஐரோப்பா மாதிரி இலையுதிர் காலத்தில் அறுவடை இல்லை. மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். சுலா நிறுவனம் அங்கே முதல் ஒயினை 2000-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல நூறு வருட அனுபவம் உள்ள லுவாரின் செனினையும் இதையும் ஒரே தாளில் திருத்தினால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

சிலியின் கதை இன்னும் சுவாரஸ்யம். பல வருடங்களாக "மெர்லோ" என்று விற்றதில் பெரும்பகுதி மெர்லோவே இல்லை. 1994-ல் ஜான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு திராட்சை நிபுணர் தோட்டத்தில் கொடியைப் பார்த்து, இது கார்மெனேர் என்றார். போர்தோவில் பூச்சி தாக்கி ஏறக்குறைய மறைந்துபோன ரகம். அதுவரை எத்தனை நிபுணர்கள் அதை மெர்லோ என்றே குடித்து, மெர்லோ என்றே கருத்துச் சொல்லியிருப்பார்கள்!

வர்ணனைக்கும் ஊர் உண்டு. சாவின்யோன் பிளாங்க் ஒயினில் "கூஸ்பெரி" மணம் என்று எழுதுவார்கள். அகராதியைப் புரட்டினால் நெல்லிக்காய் என்றிருக்கும். நம் நெல்லிக்காய் வேறு, இங்கிலாந்து கூஸ்பெரி வேறு, இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. நெல்லிக்காயை எதிர்பார்த்துக் குடித்தவன் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். "ரூம் டெம்பரேச்சரில் பரிமாறவும்" என்பதும் அப்படி. அது 16, 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறை. சென்னையில் ஏப்ரல் மாத அறையில் வைத்தால் ஆல்கஹால் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். அதே பாட்டில், அதே 90 மார்க், சென்னையில் ஃபெயில்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

"விடுப்பா, ஒரு அட்டைதானே" என்று கேட்கலாம். அட்டை மட்டும் இல்லை.

போர்தோ என்றதும் நமக்கு லட்சக்கணக்கில் விலை போகும் பாட்டில்கள்தான் ஞாபகம் வரும். அவற்றுக்கு மார்க் 100-ஐத் தொடும், உலகம் பேசும். ஆனால் அங்கே சாதாரண சிவப்பு ஒயினுக்குத் திராட்சை போடும் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2023-ல் அவர்களுக்காக வந்த திட்டம் என்ன தெரியுமா? கொடியைப் பிடுங்கிப் போட்டால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ. சுமார் 9,500 ஹெக்டேர் கொடியைப் பிடுங்க 57 மில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். அதே வருடம் பிரான்ஸ் அரசு, விற்காமல் தேங்கிய ஒயினைக் காய்ச்சி ஆல்கஹாலாக மாற்ற 200 மில்லியன் யூரோ வரைக்கும் அறிவித்தது.

இதற்கு மார்க்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர்களே ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், சீனச் சந்தை சுருங்கியது, இன்னும் பல காரணங்கள் உண்டு. ஆனால் மேலே இருக்கிற நூறு பேருக்கு மட்டும் வெளிச்சம் போட்டு, கீழே இருக்கிற ஆயிரம் பேரை "85 பாயிண்ட், சுமார்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் முறை, அந்தச் சுமாருக்குள்ளே யார் ஒழுங்காகச் செய்கிறான், யார் தண்ணி காட்டுகிறான் என்று பிரித்துக் காட்டவில்லை. ஒழுங்காகச் செய்கிறவனுக்கு அதனால் ஒரு சென்ட்டும் கூடுதலாகக் கிடைக்காது. அப்புறம் அவன் எதற்கு ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

அப்போ எல்லாம் அவரவர் ருசியா?

அதுவும் இல்லை. "ருசிக்கு ஏது தராதரம்" என்று கையை விரிப்பவர்கள் இன்னொரு சோம்பேறிக் கூட்டம். ஒயினில் கெட்டது என்று ஒன்று நிச்சயம் உண்டு. கார்க்கில் டி.சி.ஏ என்ற வேதிப்பொருள் சேர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். வினிகர் நெடி வரலாம். வெயிலில் கிடந்து வெந்துபோயிருக்கலாம். இதையெல்லாம் பழகிய மூக்கு கண்டுபிடிக்கும், அதற்காக நிபுணருக்கு ஒரு கும்பிடு. புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, நாவல்பழம் தின்றால் வருகிற மாதிரி துவர்ப்பு எவ்வளவு, ஆல்கஹால் தொண்டையில் எரிகிறதா என்பதையும் சொல்லலாம். கெட்டதா இல்லையா, எப்படிப்பட்டது, எதோடு சேரும், இந்த விலைக்குத் தகுமா. நிபுணர் இந்த நான்கையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும்.

வீட்டிலேயே செய்யலாம். சட்டப்படி வயது வந்த நான்கு பேர், ஒரே விலை வரம்பில் நான்கு ஊர் பாட்டில்கள். ஒருவர் பாட்டில்களை நியூஸ் பேப்பரில் சுற்றி நம்பர் போட்டுவிட வேண்டும், அவர் மார்க் சொல்லக் கூடாது. கிளாஸ் ஐந்து. ஏதோ ஒரு பாட்டிலை இரண்டு கிளாஸில் ஊற்றிவிட வேண்டும், எது என்று சொல்லக் கூடாது. இது ஹாட்ஜ்சன் கொடுத்த வித்தை. அந்த இரண்டு கிளாஸுக்கும் நீங்கள் வேறு வேறு கருத்துச் சொன்னால், அன்றைக்கு உங்கள் நாக்குக்கு லீவு என்று அர்த்தம், முடிவை எழுதாதீர்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு சோதியுங்கள், ஏனென்றால் சாப்பாட்டோடுதான் குடிக்கப் போகிறீர்கள். சிவப்பையும் ஒரு இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடைசியில் மூன்றே தரம். காசு கொடுத்து மறுபடி வாங்குவேன். யாராவது கொடுத்தால் குடிப்பேன். கொடுத்தாலும் வேண்டாம். பக்கத்தில் விலை, ஊர், வருடம், எதோடு சாப்பிட்டீர்கள். இவ்வளவும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும்.

91-க்கும் 89-க்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று அந்த மார்க் போட்டவரையே மறுநாள் காலையில் கேளுங்கள், திணறுவார். மறுபடி வாங்குவீர்களா என்று கேட்டால் பயிற்சியே இல்லாதவனும் ஒரு நொடியில் சொல்லுவான். அந்தப் பதிலுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. அதனால்தான் அதை எவரும் பாட்டில் கழுத்தில் தொங்கவிடுவதில்லை.